நாற்பத்தாறு சரி

கதவுக்குப் பின்னால் ஸ்விட்ச் போர்டு இருக்கும் அறையில் தங்கியிருக்கிறீர்களா? இருட்டில் உள்ளே நுழைந்து, திறந்த கதவைச் சுற்றிக்கொண்டு போய், சுவரைத் தடவித் தடவி லைட் போட வேண்டும். யார்டா இந்த வீட்டைக் கட்டினது என்று கேட்கத் தோன்றும். அப்படி ஒரு வீட்டைக் கட்டியவன் நான்தான். இரண்டு வருடம் முன்பு, திருச்சியிலிருந்து மதுரை போகும் ரோட்டில் மணிகண்டம் தாண்டி. 1,200 சதுர அடி, இரண்டு படுக்கையறை. இரண்டிலும் அதே கூத்து.

கண்டுபிடித்தது வீட்டுக்காரரின் அம்மா. பூச்சு வேலை முடிந்து சுவர் காய்ந்துகொண்டிருந்தது. கதவு இன்னும் மாட்டவில்லை, நிலை மட்டும் நிற்கிறது. பாட்டி உள்ளே வந்தார், சுவரில் பதித்திருந்த பெட்டியைப் பார்த்தார், நிலையைப் பார்த்தார்.

“கதவு எந்தப் பக்கமா தொறக்கும் தம்பி?”

“இப்படி உள்பக்கமாம்மா.”

“அப்போ நான் கதவைச் சாத்திட்டு, அப்புறம் இருட்டுல தேடி லைட்டைப் போடணுமா?”

கேலியாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எலக்ட்ரீஷியன் தம்பிக்கு உடனே போன் போட்டு ஒரு பாட்டம் கத்தினேன். “நீங்க சொன்ன மாதிரிதான் சார் வச்சேன்” என்றார். என் போனில் எல்லா அழைப்புகளும் தானாகப் பதிவாகும். ஜல்லி விலையில் ஒரு தகராறு வந்த நாளிலிருந்து அப்படி வைத்திருந்தேன். சரி, அந்தப் பதிவைப் போட்டுக் காட்டி இவர் வாயை அடைத்துவிடலாம் என்று அன்று ராத்திரி தேடி எடுத்தேன். நடுவில் இது இருந்தது:

“தம்பி, பெட்ரூம் ரெண்டுலயும் கதவுக்கு லெஃப்ட்ல பாக்ஸ். நாலரை அடி உயரம். சரியா?”

“சார், லெஃப்ட்டுன்னா...”

“லெஃப்ட்டுப்பா, லெஃப்ட்டு. நாளைக்குப் பூச்சு ஆளுங்க வராங்க, இன்னைக்கே பதிச்சு முடிச்சிரணும். புரிஞ்சுதா?”

“சரிங்க சார்.”

நான் ஹாலில் நின்று கதவைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு இடது என்றிருக்கிறேன். சுவரில் காடி வெட்டுகிற ஆள் அறைக்குள் நின்றுதான் வெட்டுவார். அவருடைய இடது எனக்கு வலது. அந்தப் பக்கத்து நிலைக்காலில்தான் கீல். இதெல்லாம் தாளில் ஒரு நிமிடம் வரைந்து பார்த்தால் புரிந்துவிடும். எனக்குத் தூக்கம் கெட்டது “லெஃப்ட்டுன்னா...” என்ற அந்த ஒரு சொல்லால். அவர் கேட்டிருக்கிறார். எந்த இடத்தில் குழப்பம் வருமோ, சரியாக அந்த இடத்திலேயே கை வைத்துக் கேட்டிருக்கிறார். நான் அதே சொல்லை இன்னும் சத்தமாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

நான் நன்றாகப் பேசுகிறவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதற்குச் சான்றிதழே உண்டு. முன்பு ஒரு கட்டுமான நிறுவனத்தில் இருந்தபோது ஒரு நாள் பயிற்சி வைத்து, இருபது வரி கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். ‘நான் தெளிவாகப் பேசுகிறேன்’, ‘மற்றவர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கிறேன்’ என்ற மாதிரி வரிகள். ஒவ்வொன்றுக்கும் நமக்கு நாமே ஐந்துக்கு மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு 83 வந்தது. பயிற்சியாளர் கைதட்டச் சொன்னார். நான் தெளிவாகப் பேசுகிறேனா என்று என் மேஸ்திரியிடம் யாரும் கேட்கவில்லை.

நம் ஊரில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ‘கம்யூனிகேஷன்’ என்றால் இங்கே ஆங்கிலம். ‘பையனுக்கு சப்ஜெக்ட் எல்லாம் நல்லா தெரியும், கம்யூனிகேஷன்தான் இல்ல’ என்று ஒரு அப்பா சொன்னால், பையனுக்கு ஆங்கிலம் தடுமாறுகிறது என்று பொருள். அதே பையன் தமிழில் நாலு பேரைச் சிரிக்க வைப்பான், பஞ்சாயத்துப் பேசித் தீர்த்து வைப்பான். அதெல்லாம் கணக்கில் வராது. எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். அதனால் இந்தப் பாடத்தில் எப்போதோ பாஸாகிவிட்டதாக நினைத்து விட்டுவிட்டேன். என் வேலையில் ஒரு நாளில் பேசுவதில் முக்கால்வாசி கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங்காரர் இவர்களிடம், அதுவும் தமிழில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அந்த மாதத்துப் பதிவுகளில் பதினொன்றை எடுத்தேன். எல்லாம் வேலை சொன்ன போன்கள். மொத்தம் 38 நிமிடம். ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே கேட்டேன். (சொல்லாமல் ஒருவர் பேச்சைப் பதிவு செய்வது நல்ல பழக்கம் இல்லை. அப்புறம் சம்பந்தப்பட்டவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, பதிவுகளை அழித்துவிட்டேன். இப்போது அந்த வசதியை அணைத்தே வைத்திருக்கிறேன்.)

தன் குரலைத் தானே கேட்பது கொடுமை. முதல் இரண்டு போன் வரைக்கும் ‘என் குரலா இது’ என்ற திகைப்பிலேயே போய்விட்டது. மூன்றாவதிலிருந்துதான் காது வேலை செய்தது. எதிராளி ஒரு கேள்வியை ஆரம்பித்து முடிக்காமல் விட்ட இடங்கள் பதினான்கு. அத்தனையிலும் நடுவில் பாய்ந்தவன் நான். ‘புரிஞ்சுதா’, ‘சரியா’, ‘ஓகேவா’ மூன்றையும் சேர்த்து 46 தடவை கேட்டிருக்கிறேன். பதிலாக வந்தது 46 ‘சரி’. ‘புரியல சார்’ ஒன்றுகூட இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒரு ரிசல்ட் வராது.

விமான விபத்துகளைப் பற்றிப் படிப்பது எனக்குப் பழைய பைத்தியம். அந்த 46-ஐ எண்ணி முடித்ததும் டெனெரிஃபே ஞாபகம் வந்தது. 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான அந்தத் தீவின் லோஸ் ரோடியோஸ் விமான நிலையம், கடும் பனிமூட்டம். ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். கே.எல்.எம். விமானத்திலிருந்து “நாங்கள் இப்போது டேக் ஆஃபில்” என்ற மாதிரி ஒரு வாக்கியம் வந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து “ஓகே” என்றார்கள். அதைத் தொடர்ந்து, காத்திருங்கள், கூப்பிடுகிறேன் என்றும் சொன்னார்கள். அதே நொடியில் எதிரே ஓடுபாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்த பான் ஆம் விமானமும் பேசியது. இரண்டு பேச்சும் மோதியதில் கே.எல்.எம். விமானி அறையில் விசில் மாதிரி ஒரு சத்தம்தான் மிஞ்சியது. தெளிவாகக் காதில் விழுந்தது அந்த “ஓகே”. கே.எல்.எம். பறக்க ஓடத் தொடங்கி, பான் ஆம் மீது மோதியது. 583 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் வானொலிப் பேச்சின் விதிகளை இறுக்கினார்கள். ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை, பறக்க அனுமதி கொடுக்கும்போதும் கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் சொல்ல வேண்டும். முக்கியமான உத்தரவுக்கு வெறும் ஓகே போதாது. சொன்னதை விமானி திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும்.

ஒரு ஸ்விட்ச் பெட்டியை அதோடு ஒப்பிடுவது அபத்தம்தான். ஆனால் என் சைட்டில் புழங்கும் ‘சரி’யை அன்றுதான் பிரித்துப் பார்த்தேன். புரிந்தது என்பதற்கு ஒரு சரி. காதில் விழுந்தது என்பதற்கு ஒரு சரி. ‘நீ முதலில் போனை வை, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பதற்கு ஒன்று. ‘நீ சொல்வது தப்பு, ஆனால் நீ இன்ஜினியர், உன்னிடம் யார் வாய் கொடுப்பது’ என்பதற்கும் அதே சரிதான். மேஸ்திரி இந்த நான்காவதைச் சொல்லும்போது ‘சர்ர்ரிங்க’ என்று ரகரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்திருப்பார். பத்து வருடமாக அவரோடு வேலை செய்கிறேன், பதிவில் கேட்டபோதுதான் கவனித்தேன்.

இந்த நேரத்தில் மகள் பத்தாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தில் வினா வகையும் விடை வகையும். மனப்பாடம் செய்யும்போது கூடத்தில் நடந்துகொண்டே உரக்கச் சொல்வது அவள் வழக்கம். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. நானும் ஒரு காலத்தில் இதை ஒப்பித்து மார்க் வாங்கி மறந்தவன்தான்.

“ஏவல் வினான்னா என்னம்மா?”

“கேள்வி மாதிரி இருக்கும்ப்பா, ஆனா வேலை சொல்றது. அம்மா உங்களை ‘கடைக்குப் போறீங்களா’ன்னு கேப்பாங்கல்ல, அது.”

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. பாட்டி கதவைப் பற்றிக் கேட்டாரே, அது. இதுவா அதுவா என்று தெளிவுக்காகக் கேட்பது ஐயவினா, “லெஃப்ட்டுன்னா...” அந்த வகை, பாவம், பாதியில் செத்துப்போனது. என்னுடைய ‘புரிஞ்சுதா’ எதில் சேரும்? பார்க்க அறியாவினா மாதிரி இருக்கிறது. நான் கேட்ட குரலை வைத்துப் பார்த்தால் சுத்தமான ஏவல் வினா. ‘சரி என்று சொல்’ என்ற கட்டளை. 46 தடவையும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

விடை வகைதான் எனக்கு இன்னும் பெரிய புதையல். பவணந்தி முனிவர் நன்னூலில் விடையை எட்டாகப் பிரிக்கிறார். சுட்டு, மறை, நேர் என்ற முதல் மூன்றும் நேரடியான பதில்கள்: இங்கே இருக்கிறது, மாட்டேன், செய்வேன். மற்ற ஐந்தும் சுற்றி வருகிறவை. ஏவல், வினாவுக்கு எதிர்வினா, உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. அந்த ஐந்தும் கேட்ட பொருளுக்கு விடையாகவே ஏற்கப்படும் என்கிறார் அவர். பதின்மூன்றாம் நூற்றாண்டு மனிதர். என் சைட்டுக்கு வந்து நின்று கேட்டுவிட்டு எழுதினது போல இருந்தது.

“மேஸ்திரி, நாளைக்கு மேல்பூச்சு ஆரம்பிச்சிடலாமா?” என்று கேட்டால் அவர் ‘முடியாது’ என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். “சித்தாளுக்குக் கையில சிமெண்ட் அரிச்சுப் புண்ணாயிருக்கு சார்” என்பார். அது உற்றது உரைத்தல். “மேக்கால கருக்குது, மழை வரும் போல” என்றால் உறுவது கூறல். “கலவைக்கு மணல் எங்க சார் இருக்கு?” என்றால் வினா எதிர்வினா. “கீழ்ச்சுவரு வேணா பூசலாம்” என்றால் இனமொழி. நான்குக்கும் பொருள் ஒன்று: நாளைக்கு முடியாது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ‘நான் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க, ஆரம்பிக்கலாமா கூடாதா?’ என்று நெருக்கிக்கொண்டிருந்தேன். நெருக்கினால் என்ன வரும்? சரி வரும். மறுநாள் யாரும் மேல்பூச்சுக்குச் சாரம் கட்டியிருக்க மாட்டார்கள். ‘இவங்க யாரும் நேரா பேச மாட்டாங்க’ என்று வீட்டில் வந்து புலம்புவேன். அவர் பேசியிருக்கிறார். எட்டில் ஐந்து வகை எனக்குக் காதில் ஏறவில்லை.

சரி, நோய் தெரிந்துவிட்டது. மருந்துக்காக முதலில் செய்தவை எல்லாம் சொதப்பல். வாட்ஸாப்பில் எண் போட்டு எழுதி அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் வந்தது. சரிக்குப் பதில் கட்டைவிரல், அவ்வளவுதான் முன்னேற்றம். யாராவது பேச ஆரம்பித்தால் மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் வாய் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். மூன்றாவது நாள் கம்பி கட்டுகிறவர், “சார், லைன்ல இருக்கீங்களா?” என்று நான்கு தடவை கேட்டார்.

வழி கிடைத்தது ஒரு மருத்துவமனை வார்டில். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி ஐந்து நாள் சேர்த்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும் நாளில் இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். எத்தனை யூனிட், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால், எங்கே குத்துவது, எப்படி வைத்துக்கொள்வது என்று டாக்டர் வேகமாகச் சொல்லி முடித்து, “புரிஞ்சுதாம்மா?” என்றார். என் இனம். அம்மா சரிங்க என்றார். நானும் சரிங்க என்றேன். பத்து நிமிடம் கழித்து நர்ஸ் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“பாட்டி, நான் இந்த மாதிரி நிறைய பேருக்குச் சொல்றேன், சில சமயம் எதையாவது விட்டுடறேன். வீட்டுக்குப் போய் என்னென்ன செய்வீங்கன்னு எனக்கு ஒரு தடவை சொல்லுங்களேன். நான் சரியா சொன்னேனான்னு பாத்துக்கறேன்.”

அம்மா உற்சாகமாக ஆரம்பித்தார். மருந்தை வாங்கிப்போய் ஐஸ் பெட்டியில் வைப்பேன் என்றார்.

“ஐஸ் பெட்டின்னா, மேல ஐஸ் கட்டி உறையுமே, அதுலயா? கீழ காய்கறி வைக்கிற இடத்துலயா?”

“ஐஸ்லதான். அப்பத்தான கெடாது?”

இன்சுலின் உறைந்துபோனால் பிறகு அதைப் போடக் கூடாது, குப்பைதான். அம்மாவுக்கு ஃப்ரிட்ஜ் முழுவதுமே ஐஸ் பெட்டி. மருந்து என்றால் இருப்பதிலேயே குளிரான இடம் என்று அவராக முடிவு செய்திருக்கிறார். நான் பக்கத்திலேயே நின்று டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டவன். எனக்கு அந்தச் சந்தேகமே வந்திருக்காது. நர்ஸ் முகம் சுளிக்கவில்லை. “பாத்தீங்களா, நான் அதைச் சொல்லாம விட்டுட்டேன்” என்று சொல்லி, கீழ்த்தட்டு என்று விளக்கிவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மருத்துவத்தில் இதற்கு டீச்-பேக் என்று பெயர் இருப்பதும், நர்ஸ்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பதும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பரீட்சை தனக்குத்தான், பாட்டிக்கு இல்லை என்பது போல அவர் அதை நடத்திய விதம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

அது எவ்வளவு முக்கியம் என்று மறுநாளே தெரிந்தது. சைட்டில் கழிவறைத் தளம் எவ்வளவு இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, “எங்க, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க மேஸ்திரி” என்றேன். அவர் கையிலிருந்த மட்டக்கோலைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“என்ன சார், சோதிக்கிறீங்களா? உங்களுக்கு மீசை முளைக்கறதுக்கு முன்னாடி கரண்டி புடிச்சவன் நான்.”

சித்தாள்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் பையனைக் கேட்கும் அறிவினாவை, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரிடம், நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டேன். அன்று முழுவதும் அவர் வாயிலிருந்து ரகரம் நீண்ட சரிதான் வந்தது.

ஒரு வாரம் போகட்டும் என்று விட்டுவிட்டு, நர்ஸ் பேசின மாதிரியே பேசிப் பார்த்தேன். “மேஸ்திரி, காலையிலேர்ந்து ஆறு பேருக்கு ஆறு விஷயம் சொல்லிட்டேன். உங்ககிட்ட என்ன சொன்னேன், எதை விட்டேன்னு எனக்கே தெரியல. எப்படிப் போகப்போறீங்கன்னு சொல்லுங்க.” அவர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் சாக்பீஸை எடுத்துத் தரையில் வரைந்தார். வரையும்போதே, “இங்க பைப் போகுதே சார், இதை முன்னாடியே யோசிக்கலியே நாம?” என்றார். அந்த ‘நாம’வை நான் அவரிடமிருந்து அதற்கு முன்பு அதிகம் கேட்டதில்லை.

வரைந்துகொண்டே அவர் பேசிய மொழியையும் அன்றுதான் உன்னித்தேன். இடது, வலது அவர் வாயில் வரவே இல்லை. கன்னி மூலை, அக்னி மூலை, ஈசானிய மூலை, தெக்கால சுவரு, நிலைக்கு வடக்கே ஒரு அடி. யார் எங்கே எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் கன்னி மூலை தென்மேற்குதான். ஸ்விட்ச் பெட்டிக் குழப்பம் வரவே வழியில்லாத ஒரு மொழி என் சைட்டிலேயே புழங்கிக்கொண்டிருந்தது. நான்தான் படித்தவன் என்று லெஃப்ட், ரைட் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எல்லாத் திசையும் அவர் பாஷையில்தான் சொல்கிறேன். எலக்ட்ரீஷியன் தம்பி திருச்சி டவுனில் வளர்ந்தவர், கிழக்கு எது என்று அவருக்குச் சூரியனைப் பார்க்க வேண்டும். அவருக்கு மட்டும் சுவரில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

வீட்டில் இந்த வித்தை செல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். “நான் என்ன சொன்னேன், நீ எப்படிப் புரிஞ்சுக்கிட்ட?” என்று மனைவியிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். “இது சைட் இல்ல” என்றாள். மறைவிடை.

போன ஐப்பசியில் இன்னொரு வீடு, முதல் தளம் கான்கிரீட் போட வேண்டும். சென்ட்ரிங் முடிந்து, கம்பி கட்டி, கவர் பிளாக் எல்லாம் வைத்தாயிற்று. ரெடிமிக்ஸ் லாரிக்குத் திங்கட்கிழமை சொல்லியிருந்தேன். சனிக்கிழமை சாயந்திரம் மேஸ்திரியிடம் ஆள் கணக்கு, வைப்ரேட்டர், தார்ப்பாய் எல்லாம் கேட்டு முடித்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். முகத்தில் லேசாகச் சிரிப்பு.

“சார், நானும் ஒண்ணு கேக்கறேன். செவ்வாக்கிழமை உங்ககிட்ட ஒரு விஷயம் சொன்னேன். என்னன்னு சொல்லுங்க பாப்போம்.”

செவ்வாய்க்கிழமை. ஏதோ சொன்னார். நான் போனில் யாருடனோ பேசிக்கொண்டே தலையாட்டினது ஞாபகம் வந்தது.

“பேத்திக்குக் காது குத்து... ஒரு நாள் லீவு...”

“பேரன் சார். மணப்பாறையில. திங்கள், செவ்வாய் ரெண்டு நாள். நீங்க சரி சரின்னீங்க.”

அப்படியே நின்றேன். அப்புறம் போனை எடுத்து ரெடிமிக்ஸ் ஆபீசுக்கு அடித்தேன். திங்கள் வேண்டாம், வியாழன் காலை ஏழு மணி என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வைக்கப் போனது.

“ஒரு நிமிஷம்மா. நான் அவசரத்துல உளறியிருப்பேன். என்ன எழுதியிருக்கீங்கன்னு படிங்களேன்.”

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. “வியாழன், காலைல ஏழு. எம் இருபது. பதினெட்டு கியூபிக் மீட்டர். சைட்டு மணிகண்டம் தாண்டி...”

“அது பழைய சைட்டும்மா” என்றேன். மேஸ்திரி சத்தமாகவே சிரித்தார்.